ஒரே ஆய்வு, மூன்று கூட்டம்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். எம்பிஏ ப்ராஜெக்டாக ஆரம்பித்து, ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் யூனிட் ஒன்றுக்காக 120 கடைகளிலும் 60 வாழை விவசாயிகளிடமும் கேட்டு, 84 பக்க அறிக்கை தயாராகிவிட்டது. அடுத்த மாதம் அதை மூன்று இடத்தில் சொல்ல வேண்டும்: யூனிட்டை நடத்தும் குடும்பம், கடன் கேட்டிருக்கும் வங்கி, வாழைக்குலை கொடுக்கப்போகிற விவசாயிகள். "மூன்று பிபிடி போடணுமா, ஒன்றை வைத்தே ஓட்டிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே சின்னதாக இன்னொரு வரி: "ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிச் சொன்னால் அது ஏமாற்று ஆகாதா?" நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இந்த இரண்டாவது வரியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிபிடி எத்தனை என்பது அதற்குள் அடங்கிவிடும்.

மூன்று தயார் செய்யுங்கள். வரிசை மாறலாம், மொழி மாறலாம், அளக்கும் அலகு மாறலாம், நீளம் மாறலாம். எண்ணும், அந்த எண்ணின் மேல் உங்களுக்கு இருக்கும் சந்தேகமும் மூன்று இடத்திலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். என் அனுபவம் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபார்ம் நிரப்பும் களப்பணியாளராகத் தொடங்கி, நாகர்கோவிலைச் சுற்றியே இருபது வருடங்களுக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். முந்திரி, ரப்பர், மீன், கயிறு, பேக்கரி என்று சிறு தொழில்களோடுதான் பழக்கம். பங்குச்சந்தையில் இருக்கும் பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழு முன்னால் நான் நின்றது கிடையாது. அங்கே போகும்போது வேறு யாரையாவது கேளுங்கள்.

எந்தக் கூட்டத்துக்கும் ஸ்லைடு போடுவதற்கு முன்னால் நான் ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதிக்கொள்வேன்: இவர்கள் எழுந்து போன மறுநாள் எதை முடிவு செய்வார்கள்? உங்கள் குடும்பத்தார், இரண்டாவது அடுப்பும் வெட்டும் மிஷினும் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். வங்கி, கடனை எழுதலாமா, எவ்வளவு எழுதலாம் என்று பார்க்கும். விவசாயி, வழக்கமாக வரும் வியாபாரியை விட்டுவிட்டு இந்த யூனிட்டுக்குக் குலை கொடுப்பதா என்று யோசிப்பார். அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் கூட்டம் யாருக்காக என்றே நமக்குத் தெரியவில்லை என்று பொருள். 84 பக்கத்தில் எந்த 5 பக்கம் மேலே வர வேண்டும் என்பதை அந்த வரியே சொல்லிவிடும்.

முதலில் குடும்பம். அங்கே அண்ணன் தம்பி இருவர், கணக்கு பார்க்கும் மருமகள், ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மாமனார் என்றுதான் பெரும்பாலும் கூட்டம் இருக்கும். அந்த மாமனாரைக் கவனியுங்கள். பணம் அவருடையதாக இருக்கும். இவர்களிடம் ஆய்வு முறை, நோக்கம், கேள்வித்தாள் வடிவம் என்று கல்லூரி வரிசையில் போனால் ஐந்தாவது நிமிடத்தில் யாராவது, "சரி மக்களே, இப்போ என்ன செய்யணும்னு சொல்லு" என்பார்கள். அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். முடிவு முதலில், காரணம் பிறகு, முறை கடைசியில், அதுவும் கேட்டால் மட்டும். ஸ்லைடுகூட வேண்டாம். ஒரு ஏ4 தாள், பெரிய எழுத்து, ஆளுக்கு ஒன்று. மேசையில் போட்டியாளர்களின் நான்கைந்து சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பரப்பி வையுங்கள். எடை, விலை, பாக்கெட்டின் உள்ளே எவ்வளவு காற்று என்று கையால் தொட்டுப் பார்த்துப் பேசும்போது, பார் சார்ட்டைப் பார்த்துப் பேசாத பேச்செல்லாம் வெளியே வரும்.

இங்கேதான் சராசரி என்ற ஆபத்து இருக்கிறது. உங்கள் அறிக்கையில் ஏத்தன் குலைக்கு வருடச் சராசரி விலை போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாரும் போடுவதுதான். ஆனால் ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் ஏத்தன் விலை எப்படி ஏறும் என்று திங்கள்சந்தையில் நிற்கிற யாருக்கும் தெரியும். பழமாகவும் போகிறது, உப்பேரிக்கு, அதாவது சிப்ஸுக்கு, காயாகவும் போகிறது, களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்கு லாரி லாரியாகப் போகிறது. சிப்ஸ் அதிகம் விற்கும் நாளும் காய் விலை உச்சியில் இருக்கும் நாளும் ஒன்றுதான். விற்பனை கூடும், கிலோவுக்கு நிற்கும் லாபம் குறையும். வருடச் சராசரியைப் போட்டால் இந்தச் சங்கதி முழுவதும் மறைந்துவிடும். 12 மாதத்துக்கும் காய் விலையை ஒரு கோடு, விற்பனையை இன்னொரு கோடு என்று ஒரே படத்தில் போட்டுக் காட்டுங்கள். ஆவணியில் இரண்டு கோடும் சேர்ந்து ஏறுவதைக் குடும்பம் பார்த்துவிட்டால், மிஷின் வாங்குவதைப் பற்றிய பேச்சே வேறு மாதிரிப் போகும். அந்த ஒரு படத்துக்காகத்தான் உங்கள் ஆய்வுக்கு அவர்கள் பணம் கொடுத்தார்கள் என்றுகூடச் சொல்வேன்.

அடுத்தது அந்த 78. "120 கடைகளில் 78 கடைகள் புதிய பிராண்டை எடுக்கத் தயார், அதாவது 65.00 சதவீதம்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த இரண்டு சுழியங்களை எடுத்துவிடுங்கள். 120 பேரைக் குலுக்கல் முறையில் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தாலே, 65 என்பது 56-க்கும் 74-க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம் என்றுதான் புள்ளியியல் சொல்லும். நீங்கள் போனது பேருந்து நிறுத்தம் பக்கமுள்ள கடைகளுக்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தக் கணக்கும் பொருந்தாது. அது நீங்கள் பார்த்த கடைகளைப் பற்றிய செய்தி, மாவட்டத்தைப் பற்றியது கிடையாது. "நாங்கள் பார்த்த 120 கடையில் 78 கடை" என்று சொல்லுங்கள். சதவீதத்தைவிட அது எல்லாருக்கும் புரியும், பொய்யும் இல்லை. 60 விவசாயிகளை ஆறு தாலுகாவுக்குப் பத்துப் பத்தாகப் பிரித்துவிட்டு "கல்குளத்தில் 30 சதவீதம்" என்று போடுவதும் இதே கோளாறுதான். 30 சதவீதம் என்றால் அங்கே மூன்று பேர். மூன்று பேர் என்றே எழுதுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்த 78 பேர் என்ன வார்த்தை சொன்னார்கள் என்பது. நம் ஊர்க் கடைக்காரரிடம் ஒரு மாணவர் வெயிலில் வந்து நின்று, "புது சிப்ஸ் வந்தா எடுப்பீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டால், முகத்துக்கு நேரே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "பாப்போம்" என்பார்கள். சிலர் "கொண்டு வாங்க, பாப்போம்" என்பார்கள். முதல் "பாப்போம்" பெரும்பாலும் மரியாதையாகச் சொல்லும் மறுப்பு. இரண்டாவதில் கொஞ்சம் உயிர் இருக்கிறது. "எத்தனை நாள் கடன் தருவீங்க, விக்காததைத் திருப்பி எடுப்பீங்களா?" என்று திரும்பக் கேட்டவர்தான் உண்மையிலேயே எடுக்கக்கூடியவர். ஃபார்மில் ஆம், இல்லை என்று இரண்டே கட்டம் இருந்தால் களப்பணியாளர் இந்த மூன்றையும் "ஆம்" கட்டத்தில் போட்டுவிடுவார். நானும் போட்டிருக்கிறேன். சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எல்லாரும் செய்வதுதான். உங்கள் ஃபார்ம்களில் ஓரக்குறிப்பு ஏதாவது இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

வங்கி வேறு உலகம். அங்கே நீங்கள் பேசுவது பத்து நிமிடம். அதன் பிறகு அறிக்கைதான் உங்களுக்காகப் பேசும். மேலாளர் அதை மேலிடத்துக்கு அனுப்புவார், உங்களைப் பார்த்தே இராத ஒருவர் அங்கே படிப்பார். மேலாளர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருபவரும் அந்த ஃபைலை வைத்துத்தான் முடிவெடுப்பார். எனவே இங்கே ஸ்லைடை நம்பாதீர்கள். முழு வாக்கியங்களில், ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு, நான்கு பக்கம் எழுதிக் கொடுங்கள். அவர் முதலில் தேடுவது, வரும் லாபத்தில் தவணை கட்ட முடியுமா என்பதை. நிகர லாபம், தேய்மானம், வட்டி மூன்றையும் கூட்டி, அந்த வருடம் கட்ட வேண்டிய அசல், வட்டியால் வகுத்தால் வருவது டிஎஸ்சிஆர் என்ற விகிதம். அது 1 என்றால் வருவதெல்லாம் தவணைக்கே போய்விடுகிறது, கையில் மூச்சு விட இடமில்லை. பொதுவாக ஒன்றரையை ஒட்டி எதிர்பார்ப்பார்கள். வங்கிக்கு வங்கி கொஞ்சம் மாறும். சிறு தொழிலுக்கு மானியத்தோடு கடன் கிடைக்கும் மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் போகிறார்கள் என்றால், உற்பத்தித் தொழிலுக்குத் திட்ட மதிப்பின் உச்சவரம்பாக 2022-இல் வைத்தது 50 லட்சம். அதை மனதில் வைத்துத்தான் மேலாளர் உங்கள் மொத்தத் தொகையைப் பார்ப்பார்.

உங்கள் ஆய்வின் எண்களும், ஆடிட்டர் போட்டுக் கொடுத்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் எண்களும் ஒத்துப்போகின்றனவா என்று முன்னாலேயே சரிபாருங்கள். ஆய்வில் 78 கடை, ரிப்போர்ட்டில் முதல் வருடமே 300 கடை என்று இருந்தால், அந்த மேசையில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், ஆடிட்டர் அங்கே இருக்க மாட்டார். அப்புறம் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: எண்ணெய். நம் ஊர் சிப்ஸ் தேங்காய் எண்ணெயில் பொரிப்பது. அந்த மணத்துக்குத்தான் பெயர். 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை ஏறிய ஏற்றத்தை எந்த மேலாளரும் மறந்திருக்க மாட்டார், அவர் வீட்டுச் சமையலறையிலேயே பார்த்திருப்பார். எண்ணெய் விலை கால் பங்கு ஏறினால் டிஎஸ்சிஆர் என்ன ஆகும், பாதி ஏறினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டு ஒரு சின்ன அட்டவணையாக வைத்துவிடுங்கள். பலவீனத்தை நாமே எடுத்து வைத்தால் கடன் கிடைக்காது என்று பயப்படுவார்கள். என் அனுபவத்தில் அப்படி ஆனதில்லை. அவரே அதைக் கண்டுபிடித்து, நமக்குப் பதில் தெரியாமல் போனபோதுதான் காரியம் கெட்டிருக்கிறது.

விவசாயிகள் கூட்டத்தைத்தான் எல்லாரும் சுலபம் என்று நினைத்து ஏமாறுவார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. பேப்பரில் கோட்டயம் ரப்பர் விலையைப் பார்த்துவிட்டு மற்ற செய்திக்குப் போகிறவர்கள் இருக்கிற ஊர். குழந்தைக்குச் சொல்வது போலப் படம் காட்டிச் சொன்னால் கோபம்தான் வரும். எளிமையாக்க வேண்டாம், அவர்கள் அளவைக்கு மாற்றினால் போதும். ஹெக்டேருக்கு இத்தனை டன் என்பதைச் சென்ட் கணக்குக்கும் வாழை எண்ணிக்கைக்கும் கொண்டு வாருங்கள். உங்கள் அறிக்கையில் கடைசி வரை "வாழைத்தார்" என்று இருக்கிறது, பாடப்புத்தகத்திலிருந்து வந்திருக்கும். இங்கே குலை என்று சொல்லுங்கள். தார் என்றால் ரோட்டில் போடுவதா என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டுவிட்டால் அன்றைய கூட்டம் அவ்வளவுதான்.

நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் ஐஸ் பெட்டி விற்கும் ஒரு கம்பெனிக்காக மீன் வரத்து ஆய்வு செய்துவிட்டு, குளச்சலில் மீனவர்கள் முன்னால் பேசினேன். மூன்றாவது ஸ்லைடில், "மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல், அப்போது ஐஸ் தேவை குறையும்" என்று போட்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் சத்தமே போடாமல், "தம்பி, அது சின்னமுட்டத்துக்கு" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. இந்த ஒரே மாவட்டத்தில் விசைப்படகுகளுக்கு இரண்டு தடைக்காலம் உண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள்தான், ஆனால் மாதம் வேறு. இது தெரியாமல் வந்தவன் சொன்ன மற்ற 20 ஸ்லைடும் அதன் பிறகு காற்றில் போயிற்று. அவற்றில் எண்கள் சரியாகத்தான் இருந்தன, ஆனால் யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து, யாரைப் பற்றிய ஆய்வோ அவர்களில் ஓரிருவரிடம் முன்கூட்டியே தாளைக் காட்டி, "இதில் எது தப்பு?" என்று கேட்காமல் நான் கூட்டத்துக்குப் போவதில்லை. நீங்களும் கேட்ட 60 பேரில் இரண்டு பேரைக் கூட்டத்துக்கு முன்னால் போய்ப் பாருங்கள். சொந்த நிலக்காரர் ஒருவர், பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்து வாழை போடுகிறவர் ஒருவர். பாட்டக்காரரால் அடுத்த வருடத்துக்கு வாக்குக் கொடுக்க முடியாது என்ற விஷயம் அப்போதுதான் உங்களுக்கு உறைக்கும்.

இந்தக் கூட்டத்தில் அவர்கள் கேட்கப்போவது சந்தை அளவு பற்றி இல்லை. எடை யார் போடுவது, பணம் எந்தக் கிழமை வரும், காற்றில் வாழை சாய்ந்து குலை பிஞ்சாகப் போனால் எடுப்பீர்களா, ஓணம் நேரத்தில் வெளியே விலை ஏறினால் நீங்களும் ஏற்றித் தருவீர்களா? இவற்றுக்கு ஆய்வாளரான உங்களிடம் பதில் இருக்காது. யூனிட்காரர்களில் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் சார்பில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்று கூட்டத்துக்கும் நடுவில் ஒரு வேலி வேண்டும். விவசாயிகள் உங்களை நம்பி, "இதுக்குக் கீழே போனா கட்டுப்படியாகாது" என்று ஒரு விலை சொல்லியிருப்பார்கள். அதை ஆள்வாரியாக யூனிட்காரர்களிடம் காட்டினால், அவர்கள் கையில் பேரம் பேச ஒரு கத்தியைக் கொடுத்த மாதிரி. பெயரை அடித்தால் மட்டும் போதாது. "அருமனை, 3 ஏக்கர், வயது 52, பாட்டம்" என்று ஒரு வரி இருந்தால் ஊரில் எல்லாருக்கும் அது யாரென்று தெரியும். இப்படி ஊர், நிலம், வயது எல்லாம் சேர்ந்து வரும் அட்டவணையில் ஐந்து பேருக்குக் குறைவாக வரும் கட்டங்களை நான் தனியாகக் காட்டுவதில்லை. பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுவேன். வங்கிக்குப் போகும் பிரதியிலும் இப்படித்தான். இதில் மட்டும் யார் வற்புறுத்தினாலும் இறங்கக்கூடாது.

சந்தேகத்தை எங்கே வைப்பது என்று கேட்டால், எண்ணுக்குப் பக்கத்திலேயே. கடைசிப் பக்கத்தில் "ஆய்வின் வரம்புகள்" என்று தனியாகப் போடுவது கல்லூரிக்குச் சரி. வெளியே அதை யாரும் புரட்டுவதில்லை. இதற்கு உலகம் அறிந்த உதாரணம் கொலம்பியா விண்கலம். 2003 ஜனவரியில் கிளம்பும்போதே எரிபொருள் தொட்டியின் நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போது பொறியாளர்கள் அதிகாரிகளுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். தலைப்பைப் படித்தால் நிலைமை பரவாயில்லை என்று தோன்றும். அடியில், உள்வரிசைக்குள் உள்வரிசையாக, சின்ன எழுத்தில் ஒரு வரி: மோதிய துண்டு சுமார் 1920 கன அங்குலம், கையில் இருந்த சோதனைத் தரவு 3 கன அங்குலத் துண்டுக்கானது. 640 மடங்கு வித்தியாசம். பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணைக் குழுவின் அறிக்கை அந்த ஸ்லைடை எடுத்துக் காட்டியே கண்டித்தது. ஸ்லைடால்தான் விபத்து நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை, காரணங்கள் பல. ஆனால் யாரும் பொய் சொல்லவில்லை, எண் அங்கேயேதான் இருந்தது, இருந்த இடம்தான் தப்பு. உங்கள் விஷயத்தில் அந்த 640 மடங்கு வரி எது என்று யோசியுங்கள். "பேருந்து நிறுத்தக் கடைகளில் மட்டும் கேட்டோம்" என்பதுதான் என்று நினைக்கிறேன். அது முதல் பக்கத்தில், 78-க்குப் பக்கத்தில் வர வேண்டும், மூன்று பிரதியிலும்.

படங்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பார் சார்ட் என்றால் சுழியத்தில் தொடங்குங்கள், இல்லாவிட்டால் சின்ன வித்தியாசம் மலையாகத் தெரியும். 10 சதவீதம் 15 ஆனால் அது 5 சதவீதப் புள்ளி கூடுதல்; "50 சதவீத வளர்ச்சி" என்று எழுதினால் கணக்கு தப்பில்லை, ஆனால் வங்கிக்காரர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நல்ல செய்திதான், எனக்கும் பெருமைதான், ஆனால் ஏத்தன் சிப்ஸ் ஆய்வில் அதற்கு என்ன வேலை? எடுத்துவிடுங்கள்.

இதுவரை சொன்னதில் எண்ணை மாற்றாதே, சின்ன எண்ணிக்கைக்குச் சதவீதம் போடாதே, ஆளை அடையாளம் காட்டாதே என்பவற்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. "முடிவை முதலில் சொல்" என்பதில் அவ்வளவு உறுதி கிடையாது. குடும்பத்திடமும் வங்கியிடமும் அது பலித்திருக்கிறது. விவசாயிகள் கூட்டத்தில் முடிவை முதலிலேயே சொன்னபோது, அதை எதிர்க்கும் பேச்சாகவே மீதி நேரம் போன அனுபவமும் உண்டு. அங்கே நான் இப்போதெல்லாம், "நீங்கள் சொன்னதாக நாங்கள் எழுதிக்கொண்டது இது, சரியா?" என்று ஆரம்பித்து, அவர்கள் திருத்திய பிறகே முடிவுக்கு வருகிறேன். இது என் பழக்கம், விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஆளை வைத்து ஒத்திகை பார்ப்பது மட்டும் மூன்றுக்கும் பொருந்தும். வீட்டில் வாழையும் தெரியாமல் புள்ளியியலும் தெரியாமல் ஒருவர் இருப்பார், அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

இந்த வாரம் ஸ்லைடைத் தொடாதீர்கள். அந்த 120 ஃபார்மையும் தரையில் பரப்பி, 78-இல் எத்தனை "பாப்போம்", எத்தனை "கொண்டு வாங்க", எத்தனை பேர் கடன் நாள் கேட்டார்கள் என்று மூன்று கட்டாகப் பிரியுங்கள். எண்ணிக்கையை இங்கேயே எழுதினீர்களானால், குடும்பத்துக்கான அந்த ஒரு தாளின் முதல் வரியை எப்படி எழுதுவது என்று சேர்ந்து பார்க்கலாம்.